தோட்டாவின் வேகமும் தாமதமாக வந்த மகுடமும்: பாப் ஹேய்ஸின் வாழ்க்கை

ஒலிம்பிக் தங்கப் பதக்கம், அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் வெற்றி மோதிரம் ஆகிய இரண்டையும் பெற்ற வீரர் இதுவரை ஒருவரே. ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் லீ ஹேய்ஸ் என்னும் அவரை விளையாட்டு உலகம் பாப் ஹேய்ஸ் என்று அறியும். துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட தோட்டாவைப் போல ஓடியதால் புல்லட் பாப் என்ற பட்டப்பெயரும் அவருக்கு உண்டு.

1964-ஆம் ஆண்டு டோக்கியோவில் உலகின் அதிவேக மனிதராக முடிசூடிய ஹேய்ஸ், அடுத்த ஆண்டே டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் வைட் ரிசீவராகக் களமிறங்கி, எதிரணிகள் தங்கள் தடுப்பு முறையையே மாற்றிக்கொள்ளும் நிலையை உருவாக்கினார். எனினும், அந்த விளையாட்டின் உச்ச கௌரவமான புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2009-ஆம் ஆண்டில்தான். அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ 7 ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தனை தாமதத்துக்கு மைதானத்தில் அவர் செய்த எதுவும் காரணமாக இருக்கவில்லை என்பதே இந்த வாழ்க்கையின் முரண்.

ஜாக்சன்வில் சிறுவன்

ஹேய்ஸ் 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். நிறப் பாகுபாடு சட்டமாகவே நடைமுறையில் இருந்த தென்மாநிலம் அது. கறுப்பின மாணவர்களுக்குத் தனிப் பள்ளிகள், தனி விளையாட்டுக் கூட்டமைப்பு, தனிக் கோப்பை. அவர் பயின்ற மேத்யூ கில்பர்ட் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி 1958-ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கறுப்பினப் பள்ளிகளின் மாநிலக் கோப்பையை வென்றது. வெள்ளையர் பள்ளிகளுடன் மோதிப் பார்க்கும் வாய்ப்பு அந்த அணிக்குக் கிடைக்கவில்லை. அத்தகைய அணியில் ஹேய்ஸ் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பின்னர், தலைநகர் டல்லஹாசியில் உள்ள ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கால்பந்து வீரராகச் சேர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட கல்வி நிலையம் அது. அதன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜேக் கெய்தர் கறுப்பினக் கல்லூரி விளையாட்டு உலகில் பெரும் மதிப்புப் பெற்றவர். அவரைப் பொறுத்தவரை கால்பந்துக்குப் பிறகுதான் மற்றவை எல்லாம். டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிய வேளையில், ஹேய்ஸ் காயமின்றிப் பயிற்சி பெற அவகாசம் அளிக்குமாறு அதிபர் லிண்டன் ஜான்சனே கெய்தரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுவதுண்டு.

அதற்குள் ஓட்டக்களத்தில் அவர் பெயர் எட்டாத இடமில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் 100 கெஜ தூரத்தை 9.1 விநாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். 1974-ஆம் ஆண்டு வரை அதைவிடக் குறைந்த நேரத்தில் எவரும் ஓடவில்லை. 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உள்ளரங்கப் போட்டியில் 60 கெஜத்தை 5.9 விநாடிகளில் ஓடி, அத்தூரத்தை 6 விநாடிகளுக்குள் கடந்த முதல் மனிதரானார்.

அவருடைய ஓட்டத்தில் நளினம் இருக்கவில்லை. கால் விரல்கள் உட்புறம் திரும்பியிருக்கும். அகன்ற தோள்கள் இடமும் வலமுமாக உருளும். ஒவ்வொரு அடியும் தரையைத் தாக்குவது போல விழும். ஓட்டப் பயிற்சி நூல்கள் கூடாது என்று சொல்லும் பல குறைகள் அவரிடம் ஒருங்கே இருந்தன. ஆனாலும் அவரை முந்த ஆளில்லை.

டோக்கியோவின் ஒரு வாரம்

இந்திய ரசிகர்களுக்கு 1964 டோக்கியோ ஒலிம்பிக் என்றால் பாகிஸ்தானை வீழ்த்தி ஹாக்கித் தங்கத்தை மீட்டதும், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் குர்பச்சன் சிங் ரந்தாவா 5-ஆவது இடம் பெற்றதும் நினைவுக்கு வரும். ரந்தாவா ஓடிய அதே கரித்தூள் ஓடுபாதையில்தான் ஹேய்ஸும் ஓடினார். ஒலிம்பிக் தடகளம் கரித்தூள் பாதையில் நடைபெற்றது அதுவே கடைசி முறை. அடுத்த மெக்சிகோ போட்டியில் செயற்கைப் பாதை வந்துவிட்டது.

100 மீட்டர் அரையிறுதியில் ஹேய்ஸ் 9.91 விநாடிகளில் இலக்கைத் தொட்டார். ஆனால் பின்புறக் காற்றின் வேகம் அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்திருந்ததால் அது சாதனைப் பட்டியலில் சேரவில்லை. அக்டோபர் 15-ஆம் தேதி நடந்த இறுதி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது உட்புற ஓரத்தில் உள்ள 1-ஆவது தடம். 20 கிலோமீட்டர் நடைப் போட்டி வீரர்கள் மிதித்துச் சென்றதால் அந்தத் தடம் சிதைந்து கிடந்தது. சோதனை அதோடு முடியவில்லை. மைதானத்துக்கு வந்து பையைத் திறந்தபோது ஆணிக் காலணிகளில் ஒன்றைக் காணவில்லை. அறையில் நண்பர்களுடன் விளையாடிக்கொண்டிருந்தபோது அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. வேறொருவரின் காலணியைக் கடனாக வாங்கிக்கொண்டுதான் அவர் தொடக்கக் கோட்டில் நின்றார்.

ஓட்டம் 10.0 விநாடிகளில் முடிந்தது. மேற்கு ஜெர்மனியின் ஆர்மின் ஹாரி 1960-ஆம் ஆண்டு படைத்த உலக சாதனைக்கு நிகரான நேரம் அது. கியூபாவின் என்ரிக் ஃபிகெரோலா வெள்ளியும், கனடாவின் ஹாரி ஜெரோம் வெண்கலமும் வென்றனர். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர் இடைவெளி இருந்தது. நூலிழையில் முடிவு தெரியும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் இது மிகப் பெரிய தூரம்.

ஆனால், தடகள வரலாற்றாசிரியர்கள் இன்றும் பேசுவது 6 நாள்களுக்குப் பிறகு நடந்த 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தைப் பற்றித்தான். பால் டிரேட்டன், ஜெர்ரி ஆஷ்வொர்த், ரிச்சர்ட் ஸ்டெபின்ஸ் ஆகியோர் முதல் மூன்று பகுதிகளை ஓடினர். போட்டிக்கு முன்பு பிரான்ஸ் வீரர் ஜோஸ்லின் டெலகூர், அமெரிக்க அணியில் ஹேய்ஸைத் தவிர வேறு யாரும் இல்லையே என்று டிரேட்டனைச் சீண்டியதாகவும், அந்த ஒருவரே போதும் என்று டிரேட்டன் பதிலளித்ததாகவும் ஒரு கதை உண்டு. கடைசிப் பகுதிக்கான தடி கைக்கு வந்தபோது அமெரிக்கா 5-ஆவது இடத்தில் இருந்தது. அடுத்த சில விநாடிகளில் ஹேய்ஸ் நால்வரையும் கடந்து, தெளிவான இடைவெளியுடன் இலக்கைத் தொட்டார். அணியின் நேரமான 39.0 விநாடி புதிய உலக சாதனையானது. அவர் மட்டும் ஓடிய 100 மீட்டருக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைக் கைக்கடிகாரங்கள் 8.5 விநாடி முதல் 8.9 விநாடி வரை பலவாறாகக் காட்டின. ஏற்கெனவே வேகம் எடுத்த நிலையில் தடியைப் பெறும் ஓட்டம் என்பதை நினைவில் கொண்டாலும், நம்புவதற்குக் கடினமான எண் அது.

அதுவே அவரது கடைசித் தடகளப் போட்டி. அப்போது வயது 21. ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்போர் பணம் பெறாத அமெச்சூர் வீரராக இருக்க வேண்டும் என்ற விதி கண்டிப்பாகப் பின்பற்றப்பட்ட காலம் அது. தங்கப் பதக்கத்தால் சோறு கிடைக்காது. கால்பந்து ஊதியம் தரும். தன் திறமைக்குக் கூலி தரும் இடத்துக்கு அவர் சென்றார். ஓட்டக்களத்திலேயே இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வேகமாக ஓடியிருப்பார் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

தடுப்பை மாற்றிய வேகம்

டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி 1964-ஆம் ஆண்டுக்கான வீரர் தேர்விலேயே, எதிர்காலத்தை எண்ணி, 7-ஆவது சுற்றில் ஹேய்ஸின் பெயரைப் பதிவு செய்திருந்தது. 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த அணி அதுவரை ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பெற்றதில்லை. ஓட்ட வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது சூதாட்டம் என்றே பலரும் கருதினர்.

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவரின் பணி சொல்வதற்கு எளிது. களத்தின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, தன்னைக் காவல் காக்கும் எதிரணி வீரரிடமிருந்து விலகி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைக் கையால் பிடித்து, எதிரணியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். கோட்டைக் கடந்தால் டச்டவுன், 6 புள்ளிகள். நேர்க்கோட்டில் ஓடத் தெரிவது மட்டும் இதற்குப் போதாது. ஓடும் வேகத்தில் திரும்ப வேண்டும், தோளுக்கு மேல் வரும் பந்தைப் பார்க்க வேண்டும், அடியை வாங்கிக்கொண்டே பிடிக்கவும் வேண்டும். ஹேய்ஸுக்குப் பின் வந்த ஓட்ட வீரர்களின் அனுபவமே இதற்குச் சான்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜிம் ஹைன்ஸும் டாமி ஸ்மித்தும் தொழில்முறை கால்பந்தில் நுழைந்தனர். இருவராலும் அங்கே நிலைக்க முடியவில்லை.

ஹேய்ஸ் முதல் பருவத்திலேயே நிலைத்தார். 1965-ஆம் ஆண்டு 46 பந்துகளைப் பிடித்து 1,003 கெஜம் முன்னேறினார். அவற்றில் 12 டச்டவுன்கள். அடுத்த ஆண்டு 64 பந்துகள், 1,232 கெஜம், 13 டச்டவுன்கள். பந்தைப் பிடித்து எடுத்த டச்டவுன்களில் இரு ஆண்டுகளும் அவரே என்.எஃப்.எல். லீகின் முதலிடத்தில் இருந்தார். 1966-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வாஷிங்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 246 கெஜம் குவித்தார். கவ்பாய்ஸ் அணியின் இந்தச் சாதனை 43 ஆண்டுகள் நீடித்து, 2009-ஆம் ஆண்டில் மைல்ஸ் ஆஸ்டினால்தான் முறியடிக்கப்பட்டது. அந்த 1966 பருவத்தில்தான் டல்லாஸ் முதன்முறையாகத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பெற்றது.

அந்நாள் வரை எதிரணிகள் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் என்ற முறையைப் பின்பற்றின. ஒரு ரிசீவர், அவரைத் துரத்த ஒரு தடுப்பு வீரர். உலகின் அதிவேக மனிதரைத் துரத்த எந்த அணியிடமும் ஆள் இல்லை. எனவே, ஆளைத் துரத்துவதை விட்டுவிட்டு இடத்தைக் காவல் காக்கத் தொடங்கினர். ஒவ்வொரு தடுப்பு வீரருக்கும் களத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அந்தப் பகுதிக்குள் வரும் ரிசீவரை அவர் எதிர்கொள்வார். ஸோன் எனப்படும் இந்தப் பகுதித் தடுப்பு ஹேய்ஸுக்கு முன்பே அறியப்பட்டதுதான். அவரால் அது பிறந்தது என்று சொல்வது மிகை. ஆனால், எப்போதாவது பயன்பட்ட ஒரு உத்தி அன்றாடத் தேவையாக மாறியதில் அவருடைய கால்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஓட ஆரம்பிக்கும் முன்பே ரிசீவரைத் தோளால் இடித்து நிலைகுலையச் செய்யும் உத்தியும் அவருக்கு எதிராக மும்முரமாகக் கையாளப்பட்டது.

இதன் விளைவைப் புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காது. ஹேய்ஸைத் தடுக்க இருவர் ஒதுங்கும்போது மறுபுறம் இன்னொரு டல்லாஸ் வீரருக்கு வழி திறந்தது. அந்தக் கெஜங்கள் அந்த வீரர்களின் கணக்கில் எழுதப்பட்டன. பிற்காலத்தில் தேர்வுக் குழுவினர் ஹேய்ஸின் எண்களை எடைபோட்டபோது எளிதில் கண்ணில் படாமல் போனது இந்தப் பங்களிப்பே.

பனியும் மோதிரமும்

பெரிய ஆட்டங்களில் அவருக்கு எப்போதும் வெற்றி வாய்க்கவில்லை. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி கிரீன் பே பேக்கர்ஸ் அணியுடனான லீக் இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் எல்லைக் கோட்டுக்கு அருகே டல்லாஸ் நின்றது. அந்த நேரத்தில் வேறொரு வீரர் களத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஹேய்ஸ் தவறுதலாக அங்கேயே நின்றுவிட்டார். உடல் பலம் மிகுந்த தடுப்பு வீரர் டேவ் ராபின்சனை அவரால் மறிக்க இயலவில்லை. நெருக்கடியில் சிக்கிய குவார்ட்டர்பேக் டான் மெரிடித் எறிந்த பந்தை எதிரணி பறித்தது. ஆட்டம் 34-27 எனக் கைநழுவியது.

அதே ஆண்டின் கடைசி நாளில் மீண்டும் அதே அணி, இம்முறை கிரீன் பே நகரிலேயே. வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். பனிக் கிண்ணம் என்று வரலாறு குறித்து வைத்திருக்கும் ஆட்டம் அது. வெப்ப நாடான ஃபுளோரிடாவில் வளர்ந்த ஹேய்ஸ், பந்து தன்னிடம் வராத நேரங்களில் கைகளைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டார். கை வெளியே வந்தால் பந்து அவருக்கு, உள்ளே இருந்தால் வேறு யாருக்கோ என்பதைப் பேக்கர்ஸ் வீரர்கள் விரைவில் புரிந்துகொண்டனர். டல்லாஸ் 21-17 என்ற கணக்கில் தோற்றது.

1970-ஆம் ஆண்டு 34 பந்துகளை மட்டுமே பிடித்தும் 889 கெஜம் எடுத்தார்; பந்து ஒன்றுக்குச் சராசரி 26 கெஜத்துக்கு மேல். 1971-ஆம் ஆண்டு 24 கெஜம். அந்தப் பருவத்தின் நிறைவாக, 1972 ஜனவரி 16-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த 6-ஆவது சூப்பர் பவுலில் டல்லாஸ் 24-3 என மியாமி டால்ஃபின்ஸை வென்றது. டாம் லாண்ட்ரியின் பயிற்சியில், ரோஜர் ஸ்டாபாக் குவார்ட்டர்பேக்காக நின்ற அந்த அணிக்கு அது முதல் சூப்பர் பவுல் கோப்பை. ஹேய்ஸின் தனிச் சிறப்பும் அன்று நிறைவுற்றது.

அதன் பின் சரிவு வேகமாக வந்தது. 1972-ஆம் ஆண்டு 15 பந்துகள் மட்டுமே. ஒரு டச்டவுன்கூட இல்லை. 1975-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அணிக்கு மாற்றப்பட்டு 4 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். மொத்தம் 371 பந்துகள், 7,414 கெஜம், 71 டச்டவுன்கள். பந்து ஒன்றுக்கு 20 கெஜம் என்ற வாழ்நாள் சராசரி இன்றைய ரிசீவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

சிறையும் மீட்சியும்

மைதானத்துக்கு வெளியே மதுவும் போதைப் பொருளும் அவரைப் பற்றிக்கொண்டிருந்தன. 1978-ஆம் ஆண்டு, மாறுவேடத்தில் வந்த காவல் அதிகாரி ஒருவரிடம் போதைப் பொருளைக் கொடுத்த வழக்கில் சிக்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, டெக்சாஸ் மாநிலச் சிறையில் 10 மாதங்கள் இருந்தபின் 1980-ஆம் ஆண்டு நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டார். அதே மாநிலத்தின் மிகப் பெரிய அணிக்காகப் பத்து ஆண்டுகள் ஓடிய கால்கள் அவை.

விடுதலைக்குப் பிறகும் போராட்டம் தொடர்ந்தது. மறுவாழ்வு மையங்களுக்கு மீண்டும் மீண்டும் செல்ல நேர்ந்தது. 1990-ஆம் ஆண்டு வெளியான தன்வரலாற்றில் தன் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மறைக்காமல் பதிவு செய்தார். இளமையில் பாதியில் விட்ட படிப்பை நடுவயதில் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிச் சென்று முடித்து, தொடக்கக் கல்வியில் பட்டம் பெற்றார். ஒலிம்பிக் தங்கத்துக்கு இணையாக இதையும் குறிப்பிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மறைவுக்குப் பின்

தடகளம் அவரை மறக்கவில்லை. 1976-ஆம் ஆண்டே அமெரிக்கத் தடகளப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கால்பந்துதான் தயங்கியது. கவ்பாய்ஸ் அணி 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் தன் கௌரவ வளையத்தில் அவர் பெயரைப் பொறித்தது. அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். புரோஸ்டேட் புற்றுநோயும் கல்லீரல் கோளாறும் அவரை வாட்டின. சிறுநீரகச் செயலிழப்பால் 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி, பிறந்த ஊரான ஜாக்சன்வில்லில் 59-ஆவது வயதில் காலமானார். அவர் அணிந்த 22-ஆம் எண் சட்டையில் அதற்குள் இன்னொரு ஃபுளோரிடா வீரர், எமிட் ஸ்மித், மூன்று சூப்பர் பவுல்களை வென்றிருந்தார்.

ஓஹியோ மாநிலம் கான்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தின் விதி தெளிவானது: களத்தில் செய்தவற்றை மட்டுமே கருத வேண்டும், களத்துக்கு வெளியே நடந்தவை கணக்கில் வராது. பத்திரிகையாளர்களே பெரும்பான்மையாக உள்ள தேர்வுக் குழுவில் 80 விழுக்காடு ஆதரவு வேண்டும். ரகசியமாக நடக்கும் விவாதத்தில் சிறைத் தண்டனையின் நிழல் எவ்வளவு தூரம் விழுந்தது என்பதை அளக்க வழியில்லை. ஆனால், அவரைவிடக் குறைந்த தாக்கம் ஏற்படுத்திய ரிசீவர்கள் உள்ளே இருக்க, அவர் வெளியே நின்றார். 2004-ஆம் ஆண்டு மூத்த வீரர்களுக்கான குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தும் வாக்கெடுப்பில் தோற்றது. தேர்வாளர்களில் ஒருவரான ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் மூத்த எழுத்தாளர் பால் ஜிம்மர்மன், எதிர்ப்புத் தெரிவித்துக் குழுவிலிருந்து விலகுவதாக அறிவித்தார். பின்னர் மனம் மாறினார்.

இரண்டாவது பரிந்துரை பலித்தது. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி ஹேய்ஸ் தேர்வு செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அன்றே, அவர் மரணத்துக்கு முன் எழுதிவைத்ததாகக் கூறப்பட்ட நன்றிக் கடிதம் ஒன்றும் வாசிக்கப்பட்டுப் பலரை நெகிழச் செய்தது. அக்கடிதம் அச்சான காலிப்ரி எழுத்துரு அவர் மறைந்த பிறகே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது என்பது பிறகு தெரியவந்து, அதன் உண்மைத்தன்மை ஐயத்துக்குள்ளானது.

2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி கான்டனில் நடந்த விழாவில், அவரது பழைய குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக்கும் ஹேய்ஸின் மகனும் சேர்ந்து வெண்கல மார்பளவுச் சிலையைத் திறந்து வைத்தனர்.